பெல்ஜிய பியர் காய்ச்சுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் பெல்ஜிய வகை பியர் காய்ச்சத் தொடங்கும் புதியவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் தவறாமல் விழுகிறார்கள். பாத்திரத்தைக் கழுவுங்கள், பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டோடு அவசரமாகப் பாட்டிலில் அடைப்பது

பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்து பியரை ஒருமுறை குடித்தவருக்கு அந்தத் தோல் வாசனை, காய்ந்த வைக்கோல் வாசனை மீது ஆசை பிறந்துவிடும். அதைத் தருவது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். சுருக்கமாகப் பிரெட் என்போம்; ரொட்டி ஈஸ்ட் அல்ல. ஓர்வாலில் அதைப் பாட்டிலில் அடைக்கும் சமயத்தில்தான் சேர்க்கிறார்கள். இதைக் கேட்டதும் புதியவர் வாயுவுக்கான சர்க்கரையோடு பிரெட்டையும் ஊற்றி மூடிவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இப்படித்தான் செய்தார். "மூன்று வாரமாக ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி அளவு மாறவில்லையே" என்று என்னிடம் வாதாடினார். வழக்கமான ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது என்பதற்குத்தான் அது சான்று. அந்த ஈஸ்ட் தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் என்ற நீண்ட சங்கிலிச் சர்க்கரைகளைப் பிரெட் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்னும். கோடையில் அவருடைய நிலவறையில் பாட்டில்கள் வெடித்தன. ஒரு கண்ணாடிச் சில்லு மரக்கதவில் ஆழமாகக் குத்தி நின்றது. அப்போது உள்ளே யாரும் இல்லை என்பது அதிர்ஷ்டம்.

கணக்கு எளிது. அடர்த்தி 0.002 குறைந்தால், பியரின் கன அளவுக்கு ஏறக்குறைய சமமான கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. 1.010-இல் அடைத்த பியர் 1.002-க்கு இறங்கினால் நான்கு மடங்கு வாயு. வழக்கம்போல் சர்க்கரையும் போட்டிருந்தால் மொத்தம் ஆறு மடங்கைத் தாண்டும். சாதாரண பியர் பாட்டிலை மூன்று மடங்குக்கு மேல் நம்பக் கூடாது. இவ்வளவு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கண்ணைப் பணயம் வைக்கிறார்களே என்று இன்றும் கோபம் வருகிறது.

பிரெட்டை நொதிகலனிலேயே சேருங்கள். பல மாதம் விடுங்கள். இரண்டு மாத இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் ஒன்றாக இருந்தால் மட்டும், கனத்த ஷாம்பெயின் பாட்டிலில் அடையுங்கள்.

எல்லா பியரையும் வருடக்கணக்கில் வைத்திருப்பது

கோதுமையில் செய்த வெள்ளை பியரைப் புதிதாகவே குடிக்க வேண்டும். ஈஸ்ட் தந்த வாழைப்பழ மணம் நாளடைவில் மங்கும். ஹாப்ஸ் பூவின் கசப்பும் தேயும். ஈர அட்டைப்பெட்டி வாடை தலைகாட்டும். 11.3 சதவீத ஆல்கஹால் கொண்ட ரோஷ்ஃபோர் 10 போன்ற கரும் பியர்கள் வேறு ரகம். அவற்றில் காலப்போக்கில் உலர்திராட்சையும் போர்ட் ஒயினும் நினைவுக்கு வரும். ஒன்று, இரண்டு, மூன்று வயது லாம்பிக் (இயற்கையாக நொதிக்கும் புளிப்பு பியர்) வகைகளைக் கலந்து செய்யும் கூஸ் என்ற பியரில் ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளும் உயிரோடு இருப்பதால் அதுவும் நெடுநாள் தாங்கும்.

சமையலறை அலமாரியில் சேமிப்பது

வேண்டாம். 10 முதல் 14 டிகிரி, இருட்டு.

தகர மூடி பாட்டிலைப் படுக்க வைப்பது

நிறுத்தியே வையுங்கள். வண்டல் அடியில் தங்கும்.

நொதிக்கும்போது நடுவில் குளிரவைப்பது

டிரிப்பெல் என்ற வலிய பொன்னிற பியரைக் காய்ச்சும்போது 18 டிகிரியில் தொடங்கி, வெப்பம் தானாக இருபதைத் தாண்டி ஏறட்டும். பாதியில் குளிரவைத்தால் ஈஸ்ட் அடியில் படிந்து உறங்கிவிடும். மிஞ்சிய சர்க்கரையால் பியர் திகட்டும். அப்படி நின்றுபோனால் கலனைச் சற்றுச் சூடான இடத்துக்கு மாற்றி, மெதுவாக அசைத்து, படிந்த ஈஸ்ட்டை மேலே எழுப்புங்கள்.