ராத்திரி எட்டு மணிக்கு மீன்கடை தேடாதீர்கள்: புவேர்ட்டோ வயார்ட்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தில் இருக்கிறது புவேர்ட்டோ வயார்ட்டா. அங்கே முதல் தடவை போனபோது, ஊர்க்காரர் ஒருவர் சொன்ன மீன்கடையைத் தேடி இரவு எட்டு மணிக்குக் கிளம்பினேன். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்து, அறைக்குப் போய்க் குளித்து, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு நிதானமாகப் போனால், ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் ஒரு பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது.

கடையைச் சரியாகப் பிடித்துவிட்டு நேரத்தைக் கோட்டை விடுகிறவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். மீன், இறால், சிப்பி விற்கும் மாரிஸ்கோஸ் கடைகள் பெரும்பாலும் பகல் கடைகள். மாலை ஐந்து, ஆறு மணிக்கெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். இரவில் மீன் கிடைக்காமல் இல்லை; கடற்கரை உணவகங்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அந்த வெளிச்சத்துக்கும் சேர்த்த விலையில் கிடைக்கும். பிர்ரியா என்கிற மிளகாய்ச் சாறு ஊறிய இறைச்சிக் குழம்பு, ஹலிஸ்கோவின் பெருமை. அது காலைச் சாப்பாடு. பன்றிக் கொழுப்பிலேயே வேகவைத்த பன்றி இறைச்சியான கார்னித்தாஸ் மதியத்தோடு முடிந்துவிடும். ஊர்க்காரர்களின் பெரிய சாப்பாடு மதியம் இரண்டிலிருந்து நான்கு மணி வாக்கில். அந்த நேரத்தில் சின்னக் கடைகளில் சூப், சோறு, ஒரு குழம்பு, பழத்தண்ணீர் என்று மொத்தமாக ஒரே விலைக்கு வைப்பார்கள். பணத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு ஊரில் இல்லை என்பது என் கட்சி.

மீனிலும் ஒரு எச்சரிக்கை. முழு மீனை முதுகில் பிளந்து மசாலா தடவிக் கரியில் சுடும் சரந்தெயாதோவைப் பல இடங்களில் கிலோ கணக்கில் விற்கிறார்கள். கிலோ என்ன விலை, இந்த மீன் எத்தனை கிலோ என்று அடுப்புக்குப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள். லோஸ் முவேர்த்தோஸ் கடற்கரையில் குச்சியில் குத்திச் சுட்ட மீனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் இந்தச் சிக்கல் இல்லை. அதன் பெயர் பெஸ்காதோ எம்பரசாதோ, 'கர்ப்பமான மீன்'. 'குச்சியில் சுட்டது' என்பதை ஸ்பானிய மொழியில் வேகமாகச் சொன்னால் அப்படிக் காதில் விழும், அவ்வளவுதான் விஷயம்.

இரவு என்றால் டாக்கோ. குறிப்பாக அல் பஸ்தோர். செங்குத்தான கம்பியில் அடுக்கிய சிவப்புப் பன்றி இறைச்சி தீ முன்னால் சுழன்றுகொண்டிருக்கும். லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மா மெக்சிகோவில் எடுத்த அவதாரம் அது. டாக்கோக்காரர் இறைச்சியைச் சீவி ரொட்டியில் ஏந்துவார். கம்பியின் உச்சியில் அன்னாசி செருகியிருந்தால் கத்தி நுனியால் ஒரு துண்டைத் தட்டிவிடுவார், அது பறந்து வந்து டாக்கோவிலேயே விழும். "கோன் தோதோ?" என்று கேட்டால் வெங்காயமும் கொத்தமல்லியும் போடவா என்று அர்த்தம். இங்கே புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் ஆறு டாக்கோவை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நாலாவதைத் தொடும்போது ஆறிப்போயிருக்கும். இரண்டு சொல்லுங்கள், நின்றபடி சாப்பிடுங்கள், அப்புறம் இரண்டு. பல வண்டிகளில் காசு கடைசியில்தான். எத்தனை சாப்பிட்டீர்கள் என்று உங்களையே கேட்பார்கள், நீங்கள் சொல்வதுதான் கணக்கு. தட்டின் மேல் பிளாஸ்டிக் பை சுற்றியிருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கழுவத் தண்ணீர் வசதி இல்லாத இடத்தில் அது சுத்தத்துக்கான ஏற்பாடு. காசு வாங்கும் கையும் இறைச்சி தொடும் கையும் வேறா என்று மட்டும் பாருங்கள்.

சட்னி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. காரம் தின்று வளர்ந்தவன், இதென்ன பிரமாதம் என்று கரண்டி நிறைய ஊற்றிக்கொள்வோம். பச்சை சட்னி சிவப்பைவிடச் சாதுவானது என்று ஒரு நம்பிக்கை வேறு. நான் அப்படி நம்பி, இரண்டு நிமிடம் பேச முடியாமல் நின்றேன். தட்டு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுத் தொட்டுப் பாருங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் சைவக்காரர்களும் அதிகம் வழுக்குவது ஒரே சொல்லில்: கார்னே. அகராதியில் 'இறைச்சி', கடையில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. "கார்னே வேண்டாம்" என்று சொன்னால் கோழியோ, ஹாம் துண்டோ போட்டுக்கொண்டு வந்து சிரித்த முகத்தோடு வைப்பார்கள்; அவர்கள் கணக்கில் அது கார்னே இல்லை. கோழி, மீன், ஹாம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்க. மாட்டுக்குச் சொல் ரெஸ். பிர்ரியா ஆட்டுக்கறிப் பண்டமாகத் தொடங்கியது, இப்போது பல கடைகளில் மாடுதான், "சீவோ?" என்று கேட்டால் ஆடா என்று கேட்டதாகும். பருப்பு மசியல் போல வரும் பயறு பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் தாளித்தது, அந்தக் கொழுப்பின் பெயர் மாந்தேகா. சோறும் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். கேட்டால் மறைக்க மாட்டார்கள், கேட்கத்தான் வேண்டும்.

பில் வரவில்லையே என்று அரை மணி நேரம் கடுகடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களை எல்லா உணவகத்திலும் பார்க்கலாம். கேட்காமல் பில் வைப்பது இங்கே 'எழுந்து போ' என்று சொல்வதற்குச் சமம். "லா குவேந்தா, போர் ஃபவோர்" என்றால் வந்துவிடும். பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறியீடுதான் என்பதால் மெனுவில் 180-க்கு முன்னால் அதைப் பார்த்து அலறாதீர்கள். 16 சதவீத வரி மெனு விலைக்குள்ளேயே அடக்கம். டிப்ஸ் சட்டப்படி உங்கள் விருப்பம். 10 முதல் 15 சதவீதம் வைப்பது வழக்கம். பில்லில் 'ப்ரோபினா' என்று ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தடவை கொடுப்பீர்கள். கார்டு தேய்க்கும் கருவி டாலரிலா பெசோவிலா என்று கேட்டால் பெசோ. டாலரை அமுக்கினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

'இலவச' இரவு உணவு, 'இலவச' டெக்கீலா சுற்றுலா என்று விமான நிலையத்தின் வாசலிலேயே மடக்குவார்கள். அது விடுதியில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையைப் பங்கு போட்டு விற்கும் கூட்டம். தொண்ணூறு நிமிடம் என்பார்கள், அரை நாள் போகும். நின்று பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். கடற்கரை நாற்காலியில் சாயும் முன்பு வாடகையா, இவ்வளவுக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்கிற கொன்சூமோ மினிமோவா என்று கேளுங்கள். மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து. மணலில் துண்டு விரிக்க யாரும் காசு கேட்க முடியாது.

இனி குடி. மலெகோன் என்கிற கடலோர நடைபாதையில் சுரைக்குடுவை வைத்துக்கொண்டு தூபா விற்பவரைப் பார்ப்பீர்கள். என்னவோ ஏதோ என்று தாண்டிப் போவது பெரிய தவறு. தென்னம்பாளையில் இறக்கியது, நமக்குச் சொந்தக்காரச் சரக்கு! மணிலாவிலிருந்து வந்த கப்பல்களில் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த தொழில் அது, பெயரும் அவர்களுடையது. மேலே ஆப்பிள் துண்டும் கடலையும் தூவித் தருகிறார்கள். கள்ளில் கடலையா என்று நினைத்துக்கொண்டேதான் குடித்தேன். இனிப்பாக, லேசாகப் புளித்து, பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் நின்றது.

டெக்கீலாவை உப்பு நக்கி எலுமிச்சை கடித்து ஒரே வீச்சில் ஊற்றிக்கொள்வது சுற்றுலாக்காரர் சடங்கு. ஊர்க்காரர்கள் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். டெக்கீலா அகாவே என்கிற கற்றாழை வகையில் செய்வது; புட்டியில் '100% அகாவே' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாததில் கற்றாழைச் சர்க்கரை 51 சதவீதம் இருந்தாலே போதும், மீதி வேறு சர்க்கரை. அதைவிட இங்கே கேட்க வேண்டியது ராயிசியா. அதுவும் ஹலிஸ்கோவின் கற்றாழைச் சாராயம்தான், 2019-ல் புவிசார் பாதுகாப்பு பெற்றது.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' நேரத்தில் இரண்டு கோப்பையும் ஒன்றாகவே மேசைக்கு வந்துவிடும், இரண்டாவது வெந்நீராகிவிடும். எவ்வளவு வேண்டுமானாலும் குடி என்கிற ஒரே கட்டண இடங்களில் எந்தப் புட்டியிலிருந்து ஊற்றுகிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். 2017-ல் கரீபியன் கரைப் பக்கம் கான்கூன் விடுதிகளில் கலப்பட மது பற்றிப் பெரிய சர்ச்சையே எழுந்தது. கோப்பையை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போகாதீர்கள். புட்டியோடு தெருவில் நடந்தால் போலீஸ்காரர் நிறுத்துவார்.

ஆந்த்ரோ எனப்படும் இரவு நடன விடுதிக்குப் பத்து மணிக்குப் போனால் நீங்களும் ஊழியர்களும்தான். நள்ளிரவுக்கு மேல்தான் கூட்டம் வரும். டாக்சியில் மீட்டர் கிடையாது. கதவைத் திறப்பதற்கு முன் வாடகை பேசுங்கள், அல்லது செயலியில் கூப்பிடுங்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்குவது மட்டும் கூடவே கூடாது. இரவில் மணலில் காவலர் யாரும் இருக்க மாட்டார், அலை திரும்பும்போது காலை வாரும்.

மூன்று மணிக்குப் பசித்தால் கவலை இல்லை. ஸோனா ரொமாந்திகா என்கிற பழைய ஊர்ப் பகுதியில் அந்தச் சிவப்புக் கம்பி சுழலும் வண்டி ஏதாவது இன்னும் நின்றுகொண்டிருக்கும். இரண்டு சொல்லுங்கள், அப்புறம் இரண்டு.