எஸ்இலினக்ஸில் கோப்பு லேபிளைச் சரிசெய்வது: ரெஸ்டோர்கான் எப்போது போதும், எப்போது போதாது

கோப்பின் அனுமதி 644, உரிமையாளர் சரி, சர்வீஸும் ஓடுகிறது. ஆனாலும் பிரவுசரில் 403 (அனுமதி மறுப்பு) பிழை. ரெட் ஹாட், ராக்கி, ஆல்மா, ஃபெடோரா சர்வர்களில் இந்தக் கட்டம் வந்ததும் பலர் எஸ்இலினக்ஸையே (எந்தப் புராசஸ் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கு) அணைத்துவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. பெரும்பாலும் கோப்பின் லேபிள்தான் (எஸ்இலினக்ஸ் பார்த்து முடிவெடுக்கும் அடையாளம்) தவறாக இருக்கும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியமான இடங்களில் சொல்லியிருக்கிறோம். எல்லாமே ரூட் உரிமையில், அல்லது சூடோ சேர்த்து ஓட்ட வேண்டியவை.

முதலில் லேபிளைப் பாருங்கள்

எல்எஸ் -இசட் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல்

இசட் பெரிய எழுத்து. ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் முக்காற்புள்ளி போட்டுப் பிரித்த நான்கு பகுதிகள் தெரியும்: யூசர், ரோல், டைப், லெவல். நமக்கு வேண்டியது மூன்றாவதான டைப். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டுமே ஹெச்டிடிபிடி_டி என்ற டைப்பில் ஓடுகின்றன. அவை படிக்கக்கூடிய கோப்புக்கு ஹெச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி என்ற டைப் இருக்க வேண்டும். அந்த இடத்தில் யூசர்_ஹோம்_டி என்றிருந்தால், ஹோம் ஃபோல்டரில் தயாரித்த கோப்பை யாரோ எம்வி கட்டளையால் நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

லேபிள் கோப்போடு ஒட்டிய நீட்சிப் பண்பாக ஃபைல் சிஸ்டத்தில் பதிவாகிறது. அதனால் எம்வி பழைய லேபிளையும் சுமந்துகொண்டு வரும். சிபி புதுக் கோப்பை உண்டாக்குவதால், போய்ச் சேரும் ஃபோல்டரின் டைப்பை எடுத்துக்கொள்ளும். சிபி -ஏ போட்டால் அதுவும் பழையதையே கொண்டுவந்துவிடும்.

மறுத்தது எஸ்இலினக்ஸ்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்:

ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்

கடந்த பத்து நிமிடத்தில் எஸ்இலினக்ஸ் மறுத்தவை (ஏவிசி மறுப்புகள்) வரும். அதில் எஸ்கான்டெக்ஸ்ட் என்பது கேட்ட புராசஸ். டிகான்டெக்ஸ்ட் என்பது கேட்கப்பட்ட கோப்பு. உங்கள் கோப்பு அங்கே இல்லையென்றால், லேபிளைத் தொடுவதற்கு முன் சர்வரின் சொந்த எரர் லாகைப் பாருங்கள்.

ஒத்திகை, பிறகு மாற்றம்

லேபிளைச் சரியானதற்குத் திருப்பும் கட்டளை ரெஸ்டோர்கான்:

ரெஸ்டோர்கான் -என் -ஆர் -வி /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல்

-என் சேர்த்தால் எதையும் மாற்றாது. எந்தக் கோப்பு எந்த லேபிளிலிருந்து எதற்கு மாறும் என்று மட்டும் சொல்லும். பட்டியல் நீங்கள் நினைத்ததுபோல இருந்தால், -என் என்பதை எடுத்துவிட்டு அதே வரியை மறுபடி ஓட்டுங்கள். வழக்கமான சிக்கல் இத்தோடு தீர்ந்துவிடும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யவும் தேவையில்லை.

ரெஸ்டோர்கான் எதையும் சொல்லாமல் முடிந்துவிட்டால் குழம்ப வேண்டாம். அது சுயமாக முடிவெடுக்கும் கருவி அல்ல. எஸ்இலினக்ஸின் விதித்தொகுப்பான பாலிசியில் இந்தப் பாதைக்கு என்ன டைப் என்று ஒரு விதிப்பட்டியல் இருக்கிறது; அதில் உள்ளதைக் கோப்பின்மேல் எழுதுவது மட்டுமே அதன் வேலை. பட்டியல் என்ன சொல்கிறது என்பதை நேரடியாகக் கேட்கலாம்:

மேட்ச்பாத்கான் /டேட்டா/வெப்/இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்

டேட்டா என்று நீங்களே உண்டாக்கிய ஃபோல்டரைப் பாலிசிக்குத் தெரியாது. டீஃபால்ட்_டி என்றுதான் விடை வரும். அந்த டைப்பை வெப் சர்வர் படிக்க முடியாது. எத்தனை முறை ரெஸ்டோர்கான் ஓட்டினாலும் அதே டீஃபால்ட்_டிதான் திரும்ப வரும். இங்கே தேவை புது விதி.

விதி சேர்ப்பது

விதி சேர்க்கும் செமேனேஜ் கட்டளை இல்லையென்று சிஸ்டம் சொன்னால், பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்-யூட்டில்ஸ் என்ற பேக்கேஜை நிறுவுங்கள். பிறகு:

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் --ஆட் --டைப் ஹெச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி "/டேட்டா/வெப்(/.*)?"

ரெஸ்டோர்கான் -ஆர் -வி /டேட்டா/வெப்

முதல் வரி விதியை எழுதுகிறது, கோப்பைத் தொடாது. இரண்டாவது வரியை மறந்துவிட்டு, விதி போட்டும் வேலை செய்யவில்லையே என்று தேடுபவர்கள் ஏராளம்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதி, ஃபோல்டரையும் அதனுள் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். மேற்கோள் குறி விட்டுப்போனால் ஷெல் அந்த அடைப்புக்குறியைத் தானே படித்துப் பிழை காட்டும். வெப் என்பதற்குப் பின் கூடுதலாக ஒரு சாய்கோடு போட்டால் விதி எதற்குமே பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது. பாதை சிம்லிங்க்காக இருந்தால் அது சுட்டும் உண்மையான பாதைக்கே விதி எழுதுங்கள்.

பலர் கவனிக்காத பொறி ஒன்று உண்டு. பாலிசியோடு வரும் விதிகளில், அதிகம் குறிப்பாகப் பொருந்துவது வெல்லும். நீங்கள் சேர்க்கும் விதிகளில் அப்படி இல்லை: கடைசியாகச் சேர்த்தது முதலில் பார்க்கப்படும், பொருந்தினால் அதுவே முடிவு. ஆகவே /டேட்டா/வெப் முழுவதற்குமான விதியை முதலில் சேர்த்துவிட்டு, எழுதும் உரிமை வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டருக்கான ஹெச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி விதியை அதன் பிறகு சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் அப்லோட்ஸும் படிக்க மட்டும் என்றாகிவிடும். சேர்த்து முடித்ததும் மேட்ச்பாத்கானை அந்த உள் ஃபோல்டரின்மேல் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஹோம் ஃபோல்டர்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றியிருந்தால் ஒவ்வொன்றாக விதி எழுத வேண்டாம். எஸ்எஸ்ஹெச் கீ வேலை செய்யாமல் பாஸ்வேர்டு கேட்பது இந்த மாற்றத்துக்குப் பின் அடிக்கடி வரும் புகார்.

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் --ஆட் --ஈக்வல் /ஹோம் /டேட்டா/ஹோம்

ஹோமுக்கு உள்ள விதிகள் எல்லாம் புது இடத்துக்கும் பொருந்தும். பின் அங்கே ரெஸ்டோர்கான்.

சிஹெச்கான் என்ற கட்டளையும் லேபிளை மாற்றும். ஆனால் விதிப்பட்டியலில் ஏறாது. அடுத்த ரெஸ்டோர்கானில் அந்த மாற்றம் அழிந்துவிடும். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்டெய்னர் தொட்ட ஃபோல்டர்

கன்டெய்னர்களை ஓட்டும் பாட்மேனில் வால்யூமுக்குப் பின்னால் பெரிய இசட் போட்டால் ஹோஸ்ட் ஃபோல்டரின் லேபிளே கன்டெய்னர்_ஃபைல்_டி என்று மாறிவிடும். தவறிப்போய் ஹோம் முழுவதற்கும் அதைக் கொடுத்துவிட்டால், சாதாரண ரெஸ்டோர்கான் காப்பாற்றாது. அந்த டைப்பை அட்மின் வேண்டுமென்றே வைத்ததாகக் கருதி விட்டுவிடும். பெரிய எஃப் சேர்த்து வற்புறுத்த வேண்டும். சின்ன எஃப் வேறு வேலைக்கானது. மாறாக, கன்டெய்னர் உண்மையாகவே பயன்படுத்தும் ஃபோல்டரில் இந்த எஃப் போட்டால் அந்தக் கன்டெய்னர் தன் டேட்டாவைப் படிக்க முடியாமல் நிற்கும்.

சிஸ்டம் முழுவதும்

எஸ்இலினக்ஸ் அணைந்திருந்த காலத்தில் உருவான கோப்புகளுக்கு லேபிளே இருக்காது. நேராக என்ஃபோர்சிங் (மீறலைத் தடுக்கும் நிலை) போட்டால் பூட் பாதியில் நிற்கக்கூடும். /ஈடிசி/எஸ்இலினக்ஸ்/கான்ஃபிக் கோப்பில் முதலில் பெர்மிசிவ் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) என்று வையுங்கள். பிறகு:

ஃபிக்ஸ்ஃபைல்ஸ் -எஃப் ஆன்பூட்

எஃப் இங்கும் பெரியது. ரீபூட் செய்ததும் எல்லாக் கோப்புக்கும் லேபிள் எழுதிவிட்டு, மெஷின் தானே இன்னொரு முறை ரீபூட் ஆகும். கோப்பு எண்ணிக்கைக்கு ஏற்ப நேரம் பிடிக்கும். திரை அசையவில்லையே என்று பவரைத் துண்டிக்காதீர்கள். ஏவிசி மறுப்புகள் வரவில்லை என்று பார்த்த பிறகே என்ஃபோர்சிங்.

ரூட் பாஸ்வேர்டை, பூட்டை ஆரம்பத்திலேயே நிறுத்தும் ஆர்டி.பிரேக் வழியாக மாற்றும்போதும் இதே கதைதான். அந்த நிலையில் பாலிசி ஏறியிருக்காது. புதிதாக எழுதப்படும் ஷேடோ கோப்புக்கு (பாஸ்வேர்டுகள் பதிவாகும் கோப்பு) லேபிள் கிடைக்காது. சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் லாகின் ஆகாது. சிரூட்டிலிருந்து வெளியேறும் முன் டச் /.ஆட்டோரீலேபிள் என்று கொடுங்கள். புள்ளியை விடாதீர்கள்.

நெட்வொர்க் வழியாக இணைக்கும் என்எஃப்எஸ் மவுன்ட்டில் பெரும்பாலும் இவை எதுவும் செல்லாது. அங்கே எல்லாக் கோப்பும் என்எஃப்எஸ்_டி என்றே தெரியும்; ரெஸ்டோர்கானால் மாற்ற முடியாது. வெப் சர்வர் அதைப் படிக்க, செட்செபூல் -பி ஹெச்டிடிபிடி_யூஸ்_என்எஃப்எஸ் ஆன் என்று அனுமதி கொடுக்க வேண்டும். பி பெரிய எழுத்து. இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் அனுமதி போய்விடும்.