அன்னாசிப் பழத்தின் கணக்கை வரைதல்

அன்னாசிப் பழத்தை வரையச் சொன்னால் பெரும்பாலோர் முதலில் ஒரு முட்டை வடிவத்தைப் போட்டு, அதன்மேல் இரு பக்கமும் சாய்கோடுகளை இழுத்து, கட்டங்களை நிரப்பிவிடுவார்கள். பார்ப்பதற்கு அது அன்னாசியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோடுகளை எண்ணினால் இடப்பக்கம் சாய்பவையும் வலப்பக்கம் சாய்பவையும் ஒரே எண்ணிக்கையில் இருப்பது தெரியும். உண்மையான பழத்தில் அவை அநேகமாக ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. கண் பார்த்ததைக் கை வரைந்தது என்று நாம் நினைக்கும் இடத்தில், உண்மையில் பழக்கம்தான் வரைந்திருக்கிறது. அறிவியலைத் துணைக்கொண்டு வரைவது என்றால் நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். எண்ணிப் பார்த்து வரைவதும், எண்ணியதில் கிடைத்த விதியைக் கொண்டு மீண்டும் வரைந்து பார்ப்பதுமே அதன் முதல் படி என்பதால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும் ஒரு பழத்தைக் கொண்டே அதைத் தொடங்கலாம்.

இந்த வழிக்கு முன்னோடிகள் உண்டு. நம் காலத்தில் பிரிட்டனைச் சேர்ந்த ஓவியர் ஜெம்மா ஆண்டர்சன், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மாதிரிகளை வரைந்து, விலங்கு, தாவரம், கனிமம் என்ற பிரிவுகளைத் தாண்டி அவற்றினூடே திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைத் தொகுத்தார். அந்த முறைக்கு ஐசோமார்ஃபாலஜி என்று பெயரிட்டார். சுருள், கிளைப்பு, அறுகோணம் போன்ற ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு அது எங்கெங்கே வருகிறது என்று தேடி வரைவது அதன் சாரம். நாம் இங்கே சுருளைப் பிடித்துக்கொள்வோம்.

பழம் வாங்கும்போது கொண்டையை வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். டர்பனின் வார்விக் சந்தையில் பழம் விற்கும் ஆன்ட்டிகள், நாம் மசாலா தூவித் தின்னத்தான் வாங்குகிறோம் என்று எண்ணி, கேட்பதற்கு முன்பே கத்தியை எடுத்துவிடுவார்கள். நடுப்பகுதி கூம்பிப் போகாமல் உருளையாக இருக்கும் பழமே நல்லது. அதிகம் பழுத்தது வேண்டாம். இரண்டு மூன்று நாளில் தோல் தளர்ந்து, கண்கள் எனப்படும் தோல் கட்டங்களின் ஓரம் மங்கிவிடும். பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் சுருளில் ஒரு துண்டு, அழியாத மையுள்ள மெல்லிய மார்க்கர், 2எச் பென்சில், கோணமானி, அளவுகோல், கவராயம் ஆகியவை போதும்.

பழத்தின் மேலிருந்து கீழாக மார்க்கரால் ஒரு நேர்கோடு போடுங்கள். பிளாஸ்டிக் துண்டின் ஓரத்தை அந்தக் கோட்டில் பொருத்தி, பழத்தைச் சுற்றி இறுக்கமாக வளைத்து, மீண்டும் அதே கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளின்மேல் ஒரு புள்ளி வையுங்கள். வெளிவரையை வரைய இப்போது ஆசைப்பட வேண்டாம். புள்ளி மட்டும் போதும். ஒட்டியதைப் பிரித்து மேசைமேல் விரித்தால், பழத்தின் தோல் முழுவதும் ஒரு தாளாக உங்கள் முன் கிடக்கும். அதன் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றே என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

விரித்த தாளைப் பார்த்தவுடன் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று பளிச்சென்று தெரியும்: இது நேர்புள்ளி அல்ல, இடுக்குப்புள்ளி. ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி உட்காரும் அதே அமைப்பினால்தான் ஒவ்வொரு கண்ணும் ஆறு அண்டைக் கண்களைத் தொட்டு ஏறத்தாழ அறுகோணமாகிறது. ஆனால் கோலத்தில் புள்ளிகளை வரிசை வரிசையாக வைக்கிறோம்; பழத்தில் கிடைமட்ட வரிசை என்று ஒன்று கிடையாது. அளவுகோலை வைத்துப் பாருங்கள், எந்த இரண்டு புள்ளியும் துல்லியமாக ஒரே உயரத்தில் நிற்காது. செடி புள்ளிகளை ஒவ்வொன்றாகவே வைத்திருக்கிறது.

இனி எண்ண வேண்டும். ஒரு பக்கம் மென்மையாகச் சாய்ந்து ஏறும் வரிகளை ஒரு நிறத்திலும், மறுபக்கம் செங்குத்தாக ஏறும் வரிகளை வேறொரு நிறத்திலும் இணையுங்கள். பெரும்பாலான பழங்களில் முதல் வகை 8, இரண்டாம் வகை 13 வரும். சிறிய பழத்தில் 5, 8 என்று வரலாம். அடுத்து, கீழே உள்ள ஒரு புள்ளிக்கு 0 என்று எண்ணிடுங்கள். சாய்ந்த வரியில் ஏறும் ஒவ்வொரு அடிக்கும் 8 கூட்டுங்கள், செங்குத்து வரியில் ஏறும் ஒவ்வொரு அடிக்கும் 13 கூட்டுங்கள்; இறங்கினால் அதே அளவு கழியுங்கள். எந்த வழியில் போனாலும் ஒரு புள்ளிக்கு ஒரே எண்தான் கிடைக்க வேண்டும். இரண்டு எண் கிடைத்தால் எங்கோ ஒரு புள்ளியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். எல்லாம் நிரம்பியபின் 0, 1, 2 ஆகியவை எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். அடுத்தடுத்த எண்கள் பக்கத்தில் இருக்காது. தாளின் அகலம் 30 செ.மீ. என்றால், 0-விலிருந்து 1 ஏறத்தாழ 11.5 செ.மீ. தள்ளியிருக்கும். முழுச் சுற்றுக்கு 360 பாகை என்று கணக்கிட்டால் அது ஏறத்தாழ 137.5 பாகை. பொற்கோணம் என்பது இதுதான்.

இந்தக் கோணம் ஏன் வருகிறது என்பதற்குத் தாவரவியலர் ஹோஃப்மைஸ்டர் 1868-இல் ஒரு விதி சொன்னார்: வளர்முனையில் அடுத்த மொட்டு, ஏற்கெனவே உள்ள மொட்டுகளுக்கு இடையில் எங்கே இடம் அதிகமோ அங்கே தோன்றுகிறது. 1992-இல் டுவாடி, கூடர் என்ற இரு பிரெஞ்சு இயற்பியலர்கள், ஒன்றையொன்று விலக்கும் காந்தத் திரவத் துளிகளை ஒரு தட்டின் நடுவில் ஒவ்வொன்றாக விழவிட்டபோது, செடியே இல்லாமல் அதே சுருள்கள் தோன்றின. ஆகவே வரைபவர் 8, 13 என்ற எண்களைத் தாளில் திணிக்கத் தேவையில்லை. இடம் பார்த்து வைத்துக்கொண்டே போனால் அவை தாமாக வந்துவிடும்.

அதைக் கையால் சோதிப்பதுதான் இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏ4 தாளின் நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து ஓர் அடிக்கோடும் போடுங்கள். முதல் புள்ளி 137.5 பாகையில், இரண்டாவது 275-இல், மூன்றாவது 412.5-இலிருந்து 360-ஐக் கழித்து 52.5-இல், நான்காவது 190-இல் என்று போகும். நடுவிலிருந்து உள்ள தூரம் 6 மி.மீ.யை எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும்: முதலாவது 6 மி.மீ., நான்காவது 12 மி.மீ., நூறாவது 60 மி.மீ. இந்தச் சூத்திரத்தை 1979-இல் ஹெல்முட் ஃபோகல் சூரியகாந்தித் தலைக்காக எழுதினார். முதன்முறை செய்தபோது நான் ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு முந்தைய புள்ளியிலிருந்து அளந்தேன். பள்ளிக் கோணமானியில் அரைப் பாகைக்குக் கோடு இல்லை. ஒவ்வொரு முறையும் கண்ணால் தள்ளிய சிறு பிழை சேர்ந்து சேர்ந்து, நாற்பதாவது புள்ளியைத் தாண்டியதும் சுருள் குலைந்துவிட்டது. எல்லாக் கோணங்களையும் முதலில் பட்டியலாக எழுதிவைத்து, அடிக்கோட்டிலிருந்தே அளக்க வேண்டும்.

நூறு புள்ளிகளும் வந்தபின் எட்டு எட்டாகத் தாவி இணையுங்கள். எட்டு அடிக்கு மொத்தம் 1100 பாகை. மூன்று சுற்றுக்கு 20 பாகை கூடுதல். பதின்மூன்று அடிக்கு 1787.5, ஐந்து சுற்றுக்கு 12.5 பாகை குறைவு. ஒன்று கூடுவதாலும் மற்றது குறைவதாலும்தான் இரு வகைச் சுருள்களும் எதிரெதிர்த் திசையில் திரும்புகின்றன. இது தெரிந்தபின் பழத்துக்குத் திரும்பி, புள்ளிகளைச் சுற்றிக் கண்களின் வெளிவரையை, முள்ளை, நிழலை வரையுங்கள். இப்போது கை தயங்காது.

அடுத்த பாடத்துக்கு டர்பன் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. 1849-இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் நிற்கும் என்செஃபலார்டோஸ் வூடீ என்ற சைக்காட் (பனைபோலத் தோன்றும், கூம்பு விடும் தாவரவகை) மரத்தை, அதன் காப்பாளராக இருந்த ஜான் மெட்லி வூட் 1895-இல் ங்கோயே காட்டில் கண்டார். காட்டில் கிடைத்தது அந்த ஓர் ஆண் மரத் தொகுதி மட்டுமே. இன்று உலகில் உள்ளவை எல்லாம் அதன் பக்கக் கன்றுகளிலிருந்து வந்த ஆண் மரங்கள்தாம். கூம்பு எல்லா மாதமும் இருக்காது, ஆனால் உதிர்ந்த இலைகளின் அடிப்பாகம் தண்டு முழுவதும் செதிலாக நிற்கும், அதுவும் சுருள்தான். இங்கே பிளாஸ்டிக்கைச் சுற்ற முடியாது என்பதால், ஒரே இடத்தில் நின்று தெரியும் பாதியை மட்டும் எண்ணி வரையுங்கள். கீழே கிடக்கும் செதிலைக்கூட எடுத்து வராதீர்கள். சைக்காட்கள் இந்நாட்டில் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

எண்ணிக்கை ஒத்துவராத பழமும் ஒருநாள் கையில் வரும். 2012-இல் மான்செஸ்டர் அறிவியல் அருங்காட்சியகம் பொதுமக்களை அழைத்து நூற்றுக்கணக்கான சூரியகாந்திகளை எண்ணவைத்தபோது, பெரும்பாலானவற்றில் 5, 8, 13 என்று முந்தைய இரண்டின் கூட்டலாக அடுத்தது வரும் ஃபிபோனாச்சி எண்களே வந்தன, எல்லாவற்றிலும் வரவில்லை. அப்படி ஒரு பழம் கிடைத்தால் அதைத் திருத்தி 8, 13 ஆக்கிவிடாமல், வரி எந்தக் கண்ணருகே பிரிகிறது அல்லது முடிகிறது என்று கண்டு அந்த இடத்தைச் சிவப்பில் குறித்து, தேதியையும் பழம் வாங்கிய இடத்தையும் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.