புதிதாக வந்த பாம்பை இரை எடுக்க வைப்பது எப்படி

பாம்பைக் கையில் வாங்கும்போதே விற்பவரிடம் சில விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக என்றைக்கு இரை எடுத்தது? சுண்டெலியா, எலியா? எந்த அளவு? உயிரோடு கொடுத்தார்களா, உறைந்ததை உருக்கிக் கொடுத்தார்களா? எலிக்குஞ்சையே தின்று வளர்ந்த பால் பைத்தானுக்கு (ball python, பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு) சுண்டெலியை நீட்டினால், அதை இரை என்றே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். முதல் சில வேளைகளுக்குப் பழைய இரையையே கொடுங்கள். மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாம்பு வருவதற்கு இரண்டு நாள் முன்பே கூண்டு தயாராகி, வெப்பம் நிலையாக நிற்க வேண்டும். வந்த பிறகு உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்வது பாம்பை மேலும் மிரட்டும். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்னேக்குக்கு (corn snake, நஞ்சில்லாத வட அமெரிக்கப் பாம்பு) சூடான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. ஈரப்பதம் பால் பைத்தானுக்கு 55 முதல் 70 சதவீதம், கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60. ஹீட் மேட் (கூண்டைச் சூடாக்கும் மின்விரிப்பு) வைத்தால், அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாத ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுவிடும். சுட்டாலும் பாம்பு பல நேரம் விலகிப் போகாது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட டயல் வெப்பமானியை நம்பாதீர்கள். அது காட்டுவது அந்தக் கண்ணாடிச் சுவரின் கணக்கு. பாம்பு படுக்கும் இடத்தில், தரையை ஒட்டி, டிஜிட்டல் வெப்பமானியின் முனை இருக்க வேண்டும்.

பதுங்கிடம் இரண்டு வேண்டும், சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், பாதுகாப்பா வெப்பமா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டி வரும். பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். குளிரில் கிடக்கும் பாம்புக்குச் செரிமானம் ஓடாது, இரையிலும் நாட்டம் இருக்காது. பதுங்கிடம் இறுக்கமாக இருக்கட்டும்: சுருண்டு படுத்தால் முதுகும் பக்கங்களும் சுவரில் உரச வேண்டும், வாசல் ஒன்றே போதும். குட்டிப் பாம்பைப் பெரிய, வெறுமையான கூண்டில் விட்டால் நாள்கணக்கில் மூலையிலேயே முடங்கிவிடும். செயற்கை இலை, அட்டைக் குழல், கசக்கிய காகிதம் என எதையாவது போட்டு வெட்டவெளியை நிரப்புங்கள். முதல் சில வாரங்களுக்குத் தரைக்கு வெறும் டிஷ்யூ காகிதம் போதும். எச்சம் எப்படி இருக்கிறது என்று தெரியும், உண்ணி இருந்தால் கறுப்புப் புள்ளியாக ஊர்வதும் தெரியும். வேறு பாம்புகள் இருந்தால் புதியதை மூன்று மாதமாவது தனி அறையில் வையுங்கள். மூடியையும் பாருங்கள்: தலை நுழையும் இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும்.

இனி ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும். பலருக்கும் கஷ்டமான கட்டம் இதுதான். தண்ணீர் மாற்றலாம், எச்சத்தை எடுக்கலாம், அவ்வளவே. தூக்குவது, படம் எடுப்பது, உயிரோடிருக்கிறதா என்று பதுங்கிடத்தைத் தூக்கிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். கண்ணாடிக் கூண்டு என்றால் மூன்று பக்கம் காகிதம் ஒட்டி மறையுங்கள்.

ஏழாம் நாள் வாக்கில் முதல் இரை. அதன் பருமன் பாம்பின் உடம்பு மிகத் தடித்திருக்கும் இடத்தின் பருமனைத் தாண்டக் கூடாது. முதல் தடவை அதைவிடச் சற்றுச் சிறியதே நல்லது. உறைந்த இரையை முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள். மாலையில் பிளாஸ்டிக் பையில் போட்டு, 40 டிகிரி வெந்நீரில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கொதிநீரில் போட்டால் சதை வெந்து வயிறு வெடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பு கூடவே கூடாது. வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள், நடுவில் கட்டியாக இருந்தால் இன்னும் உருகவில்லை. பிறகு ஈரம் துடைத்து, தலையை மட்டும் மறுபடி சூடாக்குங்கள். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. இரையின் தலை சுமார் 38 டிகிரி இருந்தால் அது குறிபார்ப்பதும் அங்கேதான். கார்ன் ஸ்னேக்குக்கு அந்தக் குழிகள் கிடையாது, அது வாசனையையும் அசைவையும் நம்பும்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, 30 சென்டிமீட்டர் இடுக்கியால் இரையின் இடுப்பைப் பிடித்துப் பதுங்கிடத்தின் வாசலில் காட்டுங்கள். மூக்கில் கொண்டுபோய் இடிக்காதீர்கள், இரை தானாக வந்து முட்டுவதில்லை. நாக்கு நிதானமாக நீண்டு நீண்டு உள்ளே போய், கழுத்து வளைந்து பின்வாங்கி நின்றால் குறிவைக்கிறது என்று பொருள். அப்போது இரையை லேசாக அசைத்தால் போதும். தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டால் பயந்துவிட்டது. வாசலிலேயே வைத்துவிட்டு, கூண்டைத் துணியால் மூடி, அறையை விட்டு வெளியேறுங்கள். காலையில் அப்படியே கிடந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள், திரும்ப உறைய வைக்கக் கூடாது.

கூண்டுக்குள் ஊட்டினால் கையைக் கடிக்கப் பழகும் என்று சொல்லி, தனிப் பெட்டிக்கு மாற்றி ஊட்டுபவர்கள் உண்டு. புதிய பாம்புக்கு இது நேர்மாறான வைத்தியம். இரை எடுக்கும் நேரத்தில் தூக்கி இடம் மாற்றினால் பெரும்பாலும் இரை எடுக்காது. எடுத்தாலும் திரும்பத் தூக்கும்போது கக்கக்கூடும். உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவிட்டுப் போவதும் ஆபத்துதான். பசித்த எலி பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும்.

மறுத்தால் மறுநாளே திரும்ப நீட்டாதீர்கள். குட்டிக் கார்ன் ஸ்னேக்குக்கு ஐந்து முதல் ஏழு நாள், பால் பைத்தானுக்கு ஏழு முதல் பத்து நாள் இடைவெளி விடுங்கள். முதலில் வெப்பத்தையும் பதுங்கிடத்தையும் சரிபாருங்கள். கண் நீலம் பூத்து, நிறம் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அது முடியும்வரை விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள்: சிறிய இரை, எலிக்குப் பதில் சுண்டெலி, மண்டையைக் கீறி வாசனை வெளிவரச் செய்த இரை. இதற்கும் மசியாத குட்டிகளுக்கு மட்டும், இடம் மாற்ற வேண்டியிருந்தாலும், ஒரு வழி நன்றாகப் பலிக்கும். காற்றுத் துளையிட்ட சிறிய டப்பாவில் காகிதத் துண்டோடு பாம்பையும் உருக்கிய எலிக்குஞ்சையும் வைத்து மூடி, அந்த டப்பாவைக் கூண்டின் மிதமான பகுதியில் இரவு முழுக்க விடுங்கள். நேராக ஹீட் மேட் மேல் வைக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பாருங்கள். டப்பாவோடு நிறுத்து டப்பா எடையைக் கழித்தால் கையாளும் நேரம் குறையும். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் எடை குறையாமல் இருப்பது வழக்கம், அதற்குப் பதற வேண்டாம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, குட்டி ஒரு மாதத்துக்கு மேல் எதையும் எடுக்காவிட்டாலோ ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாயோரம் நுரை, மூச்சில் சீழ்க்கைச் சத்தம், வாய் திறந்தபடி மூச்சு விடுவது இருந்தால் எடைக்காகக் காத்திருக்காமல் அன்றே போங்கள். வாயைத் திறந்து இரையைத் திணிக்கும் வேலையை நீங்களாகச் செய்ய வேண்டாம், தொண்டை கிழியும்.

இரை எடுத்தபின் 48 மணி நேரம் தொடக் கூடாது. கக்கிவிட்டால் பத்து முதல் பதினான்கு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அடுத்து பாதி அளவு இரை கொடுங்கள். பெரிய இரை, குறைந்த வெப்பம், சீக்கிரம் தூக்கியது இம்மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்தான். தொடர்ந்து மூன்று வேளை மறுக்காமல் இரை எடுத்த பிறகு கையில் எடுக்கத் தொடங்கலாம்: ஐந்து நிமிடம், உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கியபடி, முன்னும் பின்னும் சோப்பால் கைகழுவி. எலி வாசனை படிந்த கையை அது இரை என்றே எண்ணும். பாம்பைத் தொட்ட கையில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும்.