சேற்று நண்டு: நிறத்தைப் பார்த்து இனம் பிரிக்காதீர்கள்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் கொள்ளிடம் முகத்துவாரத்திலும் கிடைக்கும் சேற்று நண்டு பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அதில் இரண்டு இனம் உண்டு. அறிவியல் பெயரில் பெரியது ஸில்லா செர்ரேட்டா, சிறியது ஸில்லா ஒலிவேசியா. குழம்பு வைப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது. குஞ்சு வாங்கிக் குளத்தில் விடுகிறவருக்குத்தான் நஷ்டம். செர்ரேட்டா ஒன்றரைக் கிலோவையும் தாண்டும். ஒலிவேசியா அவ்வளவு வராது, வளை தோண்டும் பழக்கமும் அதற்கு அதிகம்.

பலரும் எடையை வைத்து முடிவு கட்டுகிறார்கள். 200 கிராம் நண்டு பருவத்துக்கு வந்த ஒலிவேசியாவாகவும் இருக்கலாம், பாதிகூட வளராத செர்ரேட்டாவாகவும் இருக்கலாம். பெண் நண்டாக இருந்தால் திருப்பிப் போட்டு வயிற்று மடலைப் பாருங்கள். சிறிய உடம்பில் மடல் அகன்று வட்டமாக இருந்தால் அது பருவத்துக்கு வந்துவிட்டது, அநேகமாக ஒலிவேசியாதான்.

நிறமும் ஏமாற்றும். ஒலிவேசியாவின் கொடுக்கு செம்மை கலந்திருக்கும் என்பது சரிதான். ஆனால் சேறும் தண்ணீரும் மாறினால் நிறமும் மாறும், ஓடு கழற்றிய நண்டு வெளுத்துக் கிடக்கும். கடலில் பிடிக்கும் நீல நண்டிலும் இதே கதை: ஆண் நீலம், பெண் பழுப்புப் பச்சை. நிறத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஒரே இனத்தை இரண்டாக்கிவிடுவார்கள்.

சரி, எங்கே பார்ப்பது? கொடுக்கைக் கட்டிவிட்டு, சேற்றைத் துடைத்து, இடுக்கிப் பகுதிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் குட்டையான கணுவின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு கூரான முட்கள் எடுப்பாகத் தெரிந்தால் செர்ரேட்டா. மொட்டையாக ஒரே ஒரு சின்னப் புடைப்பு இருந்தாலோ அதுவும் இல்லாவிட்டாலோ ஒலிவேசியா. ஒரு கொடுக்கோடு நிறுத்திவிடாதீர்கள். ஒடிந்து மறுபடி முளைத்த கொடுக்கை நம்ப முடியாது. அப்புறம் கண்களுக்கு நடுவே உள்ள நான்கு பற்கள்: செர்ரேட்டாவுக்கு உயரமாக நிற்கும், ஒலிவேசியாவுக்குத் தாழ்ந்து உருண்டிருக்கும். செர்ரேட்டாவின் கால்கள் எல்லாவற்றிலும், துடுப்புக்கால் உட்பட, வலைக்கண் போன்ற கோலம் பளிச்சென்று இருக்கும். மற்றதில் அது மங்கல், அல்லது இல்லவே இல்லை.

பழைய புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். தரங்கம்பாடியின் பெயரால் 1798இல் டென்மார்க் விலங்கியலாளர் ஃபப்ரிசியஸ் பெயரிட்ட ஸில்லா டிரான்க்யுபாரிக்கா என்றொரு இனம் உண்டு. நம் நாட்டு நூல்கள் வெகுகாலம் பெரிய நண்டை அந்தப் பெயரிலும், சிறியதைச் செர்ரேட்டா என்றும் எழுதின. 1998இல் ஸில்லா என்ற இந்தப் பேரினத்தை நான்கு இனங்களாகத் திருத்தி வகுத்தார்கள். பிறகு இந்தியாவில் நடந்த மரபணு ஆய்வுகள் பெரியதைச் செர்ரேட்டா என்றும் சிறியதை ஒலிவேசியா என்றும் காட்டின. ஆகவே பழைய நூலில் ‘செர்ரேட்டா’ என்று படித்தால், எந்த ஆண்டு அச்சிட்டது என்று முதலில் பாருங்கள்.

உப்பங்கழியில் பிடித்த குஞ்சில் இரண்டும் கலந்துதான் வரும். நகத்தளவுக் குஞ்சில் முள்ளை வெறுங்கண்ணால் தேடுவது வீண்வேலை, கைலென்ஸ் வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் சீர்காழி அருகே தொடுவாயில் உள்ள ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் பொரிப்பகக் குஞ்சு இருக்கிறது, அது செர்ரேட்டா.