காபில இருக்கற கஃபீன்: எவ்ளோ போகுது, எப்ப குடிக்கலாம், குறைக்கணும்னா எப்படி

சேலத்துல மெடிக்கல் ஷாப் கவுன்டர்ல நிக்க ஆரம்பிச்சு பதினாறு வருஷம் ஆகுது. புரட்டாசி சனிக்கிழமை ஆனா மதியம் ரெண்டு மூணு மணிக்கு மேல தலைவலி மாத்திரை கேட்டு வர்றவங்க தனியா தெரிவாங்க. எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "விரதம்ங்க, வெறும் வயிறு, அதான் மண்டை பொளக்குது". எங்க அம்மாவும் வருஷா வருஷம் அதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க. பசியும் ஒரு காரணம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா தினம் மூணு டம்ளர் காபி குடிக்கறவங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி டம்ளர் குடிச்சுட்டு சனிக்கிழமை பச்சத்தண்ணி கூட தொடலன்னா அந்த வலில பெரிய பங்கு காபியோடது. நிறுத்தின 12 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்கு போகும், சிலருக்கு ஒரு வாரம் கூட இழுக்கும். தினம் 100 மில்லிகிராம் கஃபீன் போற உடம்புக்கே இது வரலாம்.

மொதல்ல கஃபீன் உள்ள போய் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும், அது புரிஞ்சா மத்ததெல்லாம் நீங்களே கணக்கு போட்டுக்கலாம். நாம முழிச்சிருக்கற நேரமெல்லாம் மூளைல அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துகிட்டே இருக்கும், அது நரம்பு செல் மேல இருக்கற ரிசப்டர்ல, அதாவது அது உக்கார்ற சீட்டு மாதிரி எடத்துல, போய் உக்காந்தா "போதும், படு"ன்னு அர்த்தம். கஃபீனோட உருவம் கிட்டத்தட்ட அடினோசின் மாதிரியே இருக்கறதால அதே இடத்துல போய் உக்காந்துக்கும், ஆனா படுன்னு சொல்லாது, சும்மா இடத்த அடைச்சுக்கும். அதனால காபி புதுசா தெம்பு எதுவும் குடுக்கறதில்ல, களைப்பு நமக்கு தெரியாம மறைக்குது, அவ்ளோதான். தினமும் அடைச்சுகிட்டே இருந்தா மூளை சும்மா இருக்குமா, கூடுதலா ரிசப்டர் போட்டுக்கும், அதான் ஒரு டம்ளர் பத்தாம ரெண்டாகி மூணாகுது. திடீர்னு ஒருநாள் காபி வரலன்னா அத்தனை ரிசப்டர்லயும் அடினோசின் வந்து உக்காரும், மூளைல ரத்தக்குழாய் விரியும், நெத்திப்பொட்டுல துடிக்கற மாதிரி வலி வரும். நான் குடுக்கற சில தலைவலி மாத்திரைலயே கஃபீன் சேர்த்திருக்கும். அது போட்டதும் சட்டுனு விடுதுன்னா காரணம் என்னன்னு இப்ப தெரிஞ்சிருக்கும்.

செடிக்கு இது எதுக்குன்னு கேட்டா, பூச்சிய விரட்டத்தான். ஆனா ஏற்காட்டுல மார்ச், ஏப்ரல் மழைக்கு காபி பூத்து எஸ்டேட் முழுக்க மல்லிகை மாதிரி வாசம் அடிக்கும் பாருங்க, அந்த பூவோட தேன்லயும் கொஞ்சூண்டு கஃபீன் இருக்கு, அத குடிக்கற தேனீக்கு அந்த வாசம் கூடுதலா ஞாபகம் நிக்குதுன்னு 2013ல கண்டுபிடிச்சாங்க. இலையில விஷம், பூவுல கூப்பிடற மருந்து. எனக்கு இத நெனைக்க நெனைக்க ஆச்சரியம் தீரல. 1819ல ஜெர்மன்காரர் ரூங்கே காபிக்கொட்டைல இருந்து கஃபீன தனியா பிரிச்சார், அதுக்கடுத்த பத்து வருஷத்துக்குள்ளதான் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலைல காபி போட்டார்.

சரி, அளவுக்கு வருவோம். கவர்ன்மென்ட் ரூல்படி சிக்கரி கலந்த பொடில காபி 51 சதவீதத்துக்கு கொறையக் கூடாது, எத்தனை சதவீதம்னு பாக்கெட் மேலயே போட்டிருக்கும். சிக்கரில கஃபீன் கெடையாது. செவ்வாப்பேட்டை பக்கம் கடைல அரைச்சு வாங்கறவங்க ரெண்டு விஷயம் கேளுங்க, சிக்கரி எவ்ளோ, கொட்டை என்ன. கொட்டைல அராபிகா, ரோபஸ்டான்னு ரெண்டு வகை. பிளான்டேஷன்னு சொன்னா அது கழுவி எடுத்த அராபிகா, ஏற்காட்டுலயும் பெரும்பாலும் அராபிகாதான். அராபிகால கஃபீன் சுமாரா 1.2 சதவீதம், ரோபஸ்டால 2.2, அதாவது ஏறக்கொறைய டபுள். வீட்டு கிச்சன் தராசுல ஒருதடவை எடை போட்டு பாருங்க. எங்க வீட்டுல அம்மா ஃபில்டர்ல தட்டற மூணு கரண்டி 20 கிராம் வந்துச்சு. 80க்கு 20 பொடின்னா, அதாவது காபி 80, சிக்கரி 20ன்னா, காபி 16 கிராம், அராபிகான்னா கஃபீன் 190 மில்லிகிராம் கிட்ட, அத ரெண்டு டம்ளரா பிரிச்சா ஆளுக்கு 95. அதே 16 கிராம் ரோபஸ்டான்னா 350. கொட்டைல இருக்கறது அத்தனையும் டிகாஷன்ல இறங்காது, அதனால இத அதிகபட்சம்னு வெச்சுக்கங்க. பொடி ஒண்ணுதான்னு நெனைச்சு குடிச்சா கணக்கு எங்கயோ போயிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல சொன்னது, ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரைக்கும் பரவால்ல, கர்ப்பமா இருக்கறவங்களுக்கு 200. டீ, கோலா, எனர்ஜி டிரிங்க் எல்லாத்தயும் இதுக்குள்ளயே சேர்க்கணும்.

நேரம் இன்னும் முக்கியம். குடிச்சு அரை மணில இருந்து ஒரு மணி நேரத்துல ரத்தத்துல உச்சம், அப்புறம் பாதியா கொறைய சுமாரா 5 மணி நேரம். சாயங்காலம் 5 மணிக்கு 100 போச்சுன்னா ராத்திரி 10 மணிக்கு 50, விடிகாலை 3 மணிக்கும் 25 உள்ளதான் இருக்கு. "எனக்கு காபி குடிச்சாலும் தூக்கம் வருமே"ன்னு நெறைய பேர் சொல்வாங்க, வரும், ஆனா படுக்கறதுக்கு 6 மணி நேரம் முன்ன 400 குடிச்சவங்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல கொறைஞ்சது அளந்து பாத்திருக்காங்க. அதனால கடைசி டம்ளர் மதியம் 2 மணிக்கு முன்னாடின்னு வெச்சுக்கறது நல்லது.

கொறைக்கறதுக்கு நான் அம்மாவுக்கு பண்ணது இதுதான், ஆடி கடைசில ஆரம்பிச்சோம். ஃபில்டர், கரண்டி, டம்ளர் எதையும் மாத்தல, பொடிய மட்டும் 80க்கு 20ல இருந்து 70க்கு 30 ஆக்கினேன், அஞ்சாறு நாள் விட்டு 60க்கு 40. டிகாஷன் கொஞ்சம் மெதுவா இறங்கும், கலர் நல்லா கருப்பா இருக்கும், அம்மா "பொடி இந்த தடவ கெட்டியா இருக்கே"ன்னாங்க, அவ்ளோதான். அப்புறமா சொல்லிட்டேன், சொல்லாம செய்யறது தப்பு. அடுத்து சாயங்கால டம்ளர பாதியாக்கி, ஒரு வாரம் கழிச்சு அந்த இடத்துல சுக்கு மல்லி காபி, அதுல பேருதான் காபி, கஃபீன் துளி இல்ல. நடுவுல ஒருநாள் தலை வலிச்சுது, கால் டம்ளர் காபி குடுத்தேன், முக்கா மணி நேரத்துல அடங்குச்சு, ரெண்டு நாள் அதே அளவுல நிறுத்திட்டு மறுபடி எறங்கினோம். அந்த புரட்டாசி முதல் சனிக்கிழமை மூணு மணிக்கு போன் பண்ணா மாவிளக்குக்கு மாவு இடிச்சுட்டு இருந்தாங்க, தல லேசா கனமா இருக்கு, மாத்திரை வேணாம்னாங்க.

மருந்து சாப்பிடறவங்க இத கவனிங்க. தைராய்டு மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது போனாத்தான் காபி, இல்லன்னா மாத்திரை ஒழுங்கா ஏறாது. சிப்ரோஃப்ளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாடிக், அத சாப்பிடற நாளெல்லாம் காபிய கொறைச்சுக்கங்க, கஃபீன ஒடைக்கற கல்லீரல் என்சைம அது தடுக்கும். ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின் எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம காபிய ஏத்தவும் கூடாது. இதயத்துடிப்பு தாறுமாறா போறவங்க, படபடப்பு இருக்கறவங்களும் அப்படித்தான். பீடி சிகரெட் நிறுத்தறவங்களுக்கு இத யாரும் சொல்றதே இல்ல, பொகை அந்த என்சைம வேகமா ஓட வெக்கும், பொகைய விட்டதும் வேகம் போயிடும், அதே ரெண்டு டம்ளர் காபி ரத்தத்துல டபுளா நிக்கும். பீடிய விட்ட ஒரு அண்ணன் பத்தாம் நாள் கவுன்டர்ல கை நடுங்க நின்னு "விட்டதுலதான் இப்படி ஆகுது, திரும்ப புடிச்சரலாமா"ன்னார். காபிய பாதியாக்குங்க, நாலு நாள் பாருங்க, அப்பவும் நடுங்குச்சுன்னா டாக்டர்கிட்ட போங்கன்னேன். நாலாம் நாள் வந்து நடுக்கம் நின்னுடுச்சுன்னு சொல்லிட்டு போனார், பீடிய இன்னிக்கு வரைக்கும் தொடல.