மலிவு டியூப் பெடல்: எதை மாற்றினால் சத்தம் மாறும்?

கிட்டார் ஒலியை மாற்றும் விலை குறைந்த டியூப் பெடலை வாங்குபவர்கள் பெரும்பாலும் உள்ளே ஒளிரும் டியூபைப் பார்த்துத்தான் மயங்குகிறோம். ஆனால் இவற்றில் பலவற்றில் டிஸ்டார்ஷனின் (ஒலியைக் கரகரப்பாக்கும் சிதைவின்) பெரும்பங்கு ஆப்-ஆம்ப் எனும் பெருக்கி ஐசியிலும் பக்கத்திலிருக்கும் இரண்டு குட்டி டயோடுகளிலுமே பிறக்கிறது. 12ஏஎக்ஸ்7 வகை டியூப் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓட வேண்டியது. பெடலுக்குள் அதற்குக் கிடைப்பதோ பல சமயம் 9 அல்லது 12 வோல்ட்தான்.

திறப்பதற்கு முன் அடாப்டரைப் பிடுங்கி, டியூப் ஆறும்வரை பொறுங்கள். திறந்ததும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை (மின்சாரத்தைச் சேமிக்கும் குட்டி உருளைகளை) பாருங்கள். எதிலாவது 160, 250, 400 வோல்ட் என்று எழுதியிருந்தால் உள்ளே உயர் மின்னழுத்தம் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். புதியவர்கள் அதை அப்படியே மூடிவிடுங்கள். அப்படி ஏதுமில்லை என்றால் போர்டை இருபுறமும் போட்டோ எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.

படி 1: டியூப்

சால்டரிங் தேவையில்லை. லேசாக அசைத்து நேராக மேலே இழுங்கள். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, 12ஏடி7-க்கு 60, 12ஏயூ7-க்கு சுமார் 20. மூன்றுக்கும் ஒன்பது கால்கள், ஒரே ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் இழை) இணைப்பு என்பதால் பயமின்றி மாற்றிப் பார்க்கலாம். குறைந்த வோல்ட்டேஜில் 12ஏயூ7 கொஞ்சம் நிதானமாக வேலை செய்யும். கெயின் (பெருக்கும் அளவு) குறையும், நோட்டுகள் பிரிந்து கேட்கும்.

படி 2: டயோடு

எனக்குக் கேட்டால் முழு நேரத்தையும் இங்கேதான் செலவழிக்கச் சொல்வேன். எதிரெதிராக நிற்கும் இரண்டு 1என்4148 டயோடுகளைத் தேடுங்கள். அவை சுமார் 0.6 வோல்ட்டிலேயே அலையின் தலையை வெட்டிவிடும். நசுங்கிய சத்தம் அதனால்தான். அவற்றைக் கழற்றிவிட்டு, அந்தத் துளைகளில் ஐசி சாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டுகளைச் சால்டர் செய்யுங்கள். இனி விரலாலேயே டயோடுகளைச் செருகி எடுக்கலாம்.

சிவப்பு எல்இடி இரண்டைப் போட்டால் வெட்டு சுமார் 1.7 வோல்ட்டுக்கு உயரும்: வால்யூம் கூடும், மெதுவாக மீட்டினால் சத்தம் தெளியும். ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் பழைய டயோடு என்றும் போடலாம். அலையின் இரு பாதியும் வெவ்வேறாக வெட்டப்படுவதால் இரட்டைப்படை ஹார்மானிக்ஸ் (மூல ஒலியின் 2, 4 மடங்கு அதிர்வெண்கள்) சேரும். டியூப் ஆம்பை நினைவூட்டும் அந்தக் கனிவு பெரும்பாலும் இந்தக் கலவையில்தான் கிடைக்கிறது. எதைப் போட்டாலும் திசை எதிரெதிராகவே இருக்கட்டும்.

படி 3: கொசு ரீங்காரம்

உச்சஸ்தாயியில் கொசு ரீங்காரம் போன்ற இரைச்சல் இன்னும் இருந்தால், ஆப்-ஆம்பின் ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு (வெளியீட்டை உள்ளீட்டோடு இணைப்பது) இணையாக ஒரு சிறு கெப்பாசிட்டர் சேருங்கள். ரெசிஸ்டர் 470கே (470 கிலோ ஓம்) என்றால் 100 பிகோஃபாரட் போதும். சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள சத்தம் மெல்ல இறங்கும். பேஸ் குழம்பினால் அதற்குக் காரணம் வேறு: ஐசிக்கு முன்னால் சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டரின் மதிப்பைப் பாதியாக்கிப் பாருங்கள்.

ஆப்-ஆம்ப் ஐசியை மாற்றுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 4558 என்ற ஐசிக்குப் பதில் டிஎல்072 என்ற ஐசியைப் போட்டால் வரும் வித்தியாசம், மேலே சொன்னவற்றோடு பார்த்தால் மிகச் சிறியது. கழற்றும்போது போர்டின் செம்புப் பட்டை பிய்ந்துவரும் ஆபத்தோ பெரியது.